கோதண்டம் சந்துக்குள் போன கிருஷ்ணாயில் வண்டி

கெங்கம்மாள் வென்றவற்றைச் சொன்னால்தான் ஆளைப் புரியும். ஆறு வயதில் அம்மையும் மஞ்சள் காமாலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; அழுவதற்கென்று வந்து உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களை ஏமாற்றிவிட்டு எழுந்து கஞ்சி கேட்டாள். பொங்கல் விளையாட்டில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் பந்தயம் பையன்களுக்கு மட்டும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். எழுதியதைப் படிக்கத் தெரியாததால் அதில் கலந்துகொண்டு ஓர் எவர்சில்வர் குடத்தை வென்றாள். கல்யாணமான புதிதில் மாமியாரோடு நடந்த ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்தாள். இதை யாரும் நம்புவதில்லை. ஆனால் மாமியாரே சாட்சி. இரண்டு ஆண்பிள்ளைகள் மிதித்துப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு விட்டுப் போன மூன்று சக்கர மண்ணெண்ணெய் வண்டியை, பீப்பாய் நிறைந்திருக்கும்போதே மேட்டில் ஏற்றினாள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கோதண்டம் சந்தில் ஜெயித்தாள்.

ஒரு சந்தில் ஜெயிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், 1990-91இல் அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் குடியிருந்திருக்க மாட்டார்கள்.

அவளுடைய அண்ணன் மதுரைவீரன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்த்தார். இரண்டாவது ஷிப்ட் என்பதால் காலை நேரங்களில் நடந்த எல்லாவற்றையும் தன் கண்ணால் பார்த்தவர். எட்டாம் வகுப்புவரை படித்தவர். அளவில் நூல் பிசகினாலும் பொருள் கழிவுத் தொட்டிக்குப் போகும் என்று தொழிலில் கற்றவர் ஆகையால், ஊரில் பேசிக்கொள்வதில் தவறு இருந்தால் திருத்தாமல் விடமாட்டார். வண்டியின் அனுமதி அவர் பேரில் இருந்தது. ஓட்டியதென்னவோ தங்கைதான்.

இதற்குக் காரணம் அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு அருகில் கடை வைத்திருந்த மண்ணெண்ணெய் ஏஜென்ட் பரந்தாமன். "பொம்பள பேர்ல வண்டியா? நாளைக்கு ஒரு தகராறுன்னா நான் யாரைப் புடிக்கிறது?" என்றார். கெங்கம்மாளின் புருஷன் முனியன் லாரி கிளீனர். மாதத்தில் பாதி நாள் விஜயவாடாவில் இருப்பவன், மீதி நாள் தூங்குபவன். ஆகவே அண்ணன் பேர்.

இனி சந்து. ஏரியை ஒட்டி ஒரு தெரு இருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர், இரு பக்கமும் கம்பெனிச் சுவர். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போக இந்த ஒரு சந்துதான் வழி. சந்தின் இடப் பக்கம் கோதண்டத்தின் வீடு. வாசலில் அவருடைய இட்லிக் கடை. வலப் பக்கம் ஆரோக்கியம்மாளின் வீடு. வாசலில் அந்த அம்மாளின் ஆப்பக் கடை. இட்லிக்கும் ஆப்பத்துக்கும் என்ன உறவோ, அதுதான் இருவருக்கும் இடையில் இருந்த உறவு. கெங்கம்மாளின் வண்டி வாரம் இரண்டு முறை இருவருக்கும் நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போய், உள் தெருவில் ரேஷன் கார்டைப் பார்த்து எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பும். ஒருவரும் அதைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அந்த ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. கொஞ்ச நாளில் பீப்பாய் பாதிதான் நிறைந்தது.

செப்டம்பரில் குவைத்திலிருந்து லோகநாதன் வந்து சேர்ந்தான். அங்கே ஒரு சமையல்கூடத்தில் வேலை பார்த்தவன். பாலைவனம், ஜோர்டான், விமானம் என்று சுற்றி ஒரு கைப்பையோடு வந்திருந்தான். டீக்கடை பெஞ்சில் டீயை ஊற்றி, விரலால் இழுத்து வளைகுடாவை வரைந்து காட்டுவது அவனுடைய அன்றாட வேலையாயிற்று.

"இந்தா, இது அம்மாம் பெரிய கடல். உள்ள எண்ணெ கப்பலா நிக்குது. வெளிய வர்றதுக்கு வாய் இத்தினியூண்டு. ஹோர்முஸ்னு பேரு. அத்த எவனாவது அடைச்சான்னு வையி, நம்ப ஊட்ல அடுப்பு அவுட்டு."

"அது இன்னா நம்ப கோதண்டம் சந்து மாதிரியா?" என்றார் ஒருவர்.

"அதே தான் மாமே! அச்சு அசல்!"

மதுரைவீரன் குறுக்கிட்டுச் சொன்னார்: அந்த நீரிணையை யாரும் அடைக்கவில்லை, குவைத் எண்ணெயும் ஈராக் எண்ணெயும் வருவதுதான் நின்றிருக்கிறது, பேப்பரில் தெளிவாகப் போட்டிருக்கிறான். அவர் சொன்னது சரி. ஆனால் யார் காதிலும் ஏறவில்லை. சந்தை அடைக்கிற பேச்சு மட்டும் ஏறக்கூடாத இரண்டு காதுகளில் ஏறிவிட்டது. ஒன்று கோதண்டத்தினுடையது. இன்னொன்று, டீக்கடைக்கு ஆப்பம் கொடுக்க வந்திருந்த ஆரோக்கியம்மாளுடையது.

அடுத்த வாரமே கோதண்டம் தன் வாசலில் இடுப்பளவு உயரத்துக்குச் செங்கல் மேடை ஒன்று கட்டினார். அதற்கு மேல் இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்டார். சாப்பிட வருகிறவர்கள் உட்காருவதற்காம். சந்தில் ஒன்றே கால் அடி போயிற்று. ஆரோக்கியம்மாள் மாதா கோயில் பூசை முடிந்து வந்து பார்த்தார். அன்று சாயங்காலமே கொத்தனார் வந்தான். எதிர்ப் பக்கமும் ஒன்றே கால் அடி போயிற்று. ஐந்தடிச் சந்து இரண்டரை அடியானது. வண்டியின் அகலம் மூன்றரை.

மறுமுறை வந்த கெங்கம்மாள் சந்து வாயிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணாத்தே இது?"

"மழக்காலம் கெங்கா. ஜனங்க நனையாம துன்னணும் இல்ல?" என்றார் கோதண்டம். "நீ இன்னாத்துக்கு உள்ள வந்துகினு? இங்கியே நில்லு. அவங்க வந்து வாங்கிக்கட்டும்."

சொல்லும்போதே, எரிவாயு இணைப்பு வாங்கிவிட்ட சொந்தக்காரர்களிடமிருந்து இரவல் வாங்கிய ரேஷன் கார்டுகளைச் சீட்டாட்டக்காரர் போல விசிறியாக விரித்தார். எதிர் மேடையில் ஆரோக்கியம்மாளும் ஒரு விசிறி விரித்தார். உள் தெருப் பெண்கள் தங்கள் கேன்களைச் சந்து நெடுக வரிசையில் வைத்து, தலைக்கு ஒரு செங்கலும் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இட்லி சாப்பிட வந்தவர்கள் அந்தக் கேன்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின் மேல் கால் வைத்துக்கொண்டார்கள். இரண்டு கடைகளும் வாங்கி முடித்தபோது பீப்பாயில் வாசனை மட்டும் மீந்திருந்தது.

உள் தெரு இப்படி இரண்டு மாதம் பொறுத்தது. சுள்ளி பொறுக்கியது, மரத்தூள் அடுப்பு வைத்தது, கண் சிவந்தது. பிறகு ஒரு நாள் எல்லோரும் திரண்டு ஓ.டி.க்குப் போய்ப் பரந்தாமனின் கடையை முற்றுகையிட்டார்கள். பரந்தாமன் மதுரைவீரனையும் கெங்கம்மாளையும் கூப்பிட்டனுப்பினார்.

"உள்தெரு கார்டுக்கு எண்ணெ போய்ச் சேரணும். இன்னொரு வாட்டி அவங்க என் கடைக்கு வந்தா, மாசி பொறந்ததும் வண்டி என் மச்சான் ஆனந்தன் கைக்குப் போயிடும்."

"சந்த அடைச்சவன் நானா?" என்றாள் கெங்கம்மாள்.

"சந்து எனக்குத் தெரியாது. பீப்பாதான் தெரியும்."

திரும்பி வரும் வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனுக்கு அதுதான் பயமாக இருந்தது. பேசினால் அவள் சண்டை போடுகிறாள் என்று அர்த்தம். பேசாவிட்டால் அழுகிறாள் என்று அர்த்தம். அந்த வண்டி வந்த பிறகுதான் முனியன் வீட்டில் இருக்கிற நாளுக்கும் இல்லாத நாளுக்கும் உலையில் வித்தியாசம் இல்லாமல் போயிருந்தது. மதுரைவீரன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கி ஹாரனைத் துடைத்தாள்.

யோசனை சொல்ல லோகநாதன் வந்தான்.

"தங்கச்சி, மூணு வருசம் முன்னாடி அங்க கப்பல சுட்டுகினு இருந்தானுங்கோ. குவைத்துக்காரன் இன்னா பண்ணான் தெரியுமா? தன் கப்பல்ல அமெரிக்காகாரன் கொடிய ஏத்திட்டான். ஒருத்தன் கை வைக்க யோசிச்சான். நீயும் ஆளுங்கட்சி கொடிய கட்டு. கோதண்டம் எகிறுவாரா பாக்கலாம்."

மதுரைவீரன் இதிலும் ஒரு திருத்தம் சொல்ல முயன்றார்: கொடி கட்டிய கப்பலே ஒன்று கண்ணிவெடியில் மாட்டியதுண்டு. கேட்பாரில்லை. ஜனவரி மாதக் கடைசியில் வண்டிக் கைப்பிடியில் கொடி ஏறியது. பெரிய கொடி. முதல் நாள் அதற்கு மரியாதை இருந்தது. கோதண்டம் மேடையிலிருந்து எழுந்து நின்றார், இரண்டு விசிறியும் மடங்கின, உள் தெருவுக்குக் கொஞ்சம் எண்ணெய் கிடைத்தது. லோகநாதன் டீக்கடையில் அன்று கடலை வரையவில்லை, தன்னையே பேசிக்கொண்டிருந்தான்.

அடுத்த முறை வண்டி வருவதற்குள் மாநிலத்தில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள்.

"இன்னா கெங்கா," என்றார் கோதண்டம், இட்லித் தட்டில் துணி போட்டுக்கொண்டே, "யார் கொடிய கட்டிகினு வர்ற? கவர்னர் கொடி கீதா உன்கிட்ட?"

இரண்டாவது யோசனை ரப்பர் குழாய். அதைச் சொன்னவர் மதுரைவீரன். வண்டி நின்ற இடத்திலேயே இருக்கட்டும். ஏரியில் தண்ணீர் இறைக்கும் நீளக் குழாயைச் சந்து ஓரமாக மேடையை ஒட்டி விட்டால் எண்ணெய் தானே உள் தெருவுக்குப் போய்விடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தானே என்று கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரியாகவே இருந்தது. குழாய்க்குள் ஏரித் தண்ணீர் தங்கியிருந்ததும், இட்லி சாப்பிட வந்த ஒருவர் காலைத் தொங்கப் போட்டுக் குழாயின் மேல் குதிகாலை ஊன்றியதும்தான் கணக்கில் வராதவை. எண்ணெய் நின்றது. கால் எடுத்ததும் பீறிட்டது. உள் தெருவில் அன்று மாலை ஸ்டவ்கள் எல்லாம் பட்டாசு போல வெடித்து வெடித்து எரிந்தன. ஆரோக்கியம்மாள் ஆப்பச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு வந்து கத்தினார்:

"அடுப்பு எரியற எடத்துல கிருஷ்ணாயில ஓட வுடுறியே, மூள கீதா வீரா உனக்கு? பத்திக்கினா சொர்க்கத்துக்கு நேரா போவ நான் இன்னும் ரெடியாவல!"

அந்த அம்மாள் சொன்னது நியாயம். மதுரைவீரன் குழாயைச் சுருட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார். மாசி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. பரந்தாமனின் மச்சான் ஆனந்தன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, சீட்டைத் தட்டிப் பார்த்து, உயரம் போதாது என்று சொல்லிவிட்டும் போய்விட்டான்.

தையின் கடைசி முகூர்த்தத்தில் கோதண்டத்தின் மகள் வடிவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளானூர். முதல் நாள் காலையில் சீர்வரிசை போகவேண்டும். மெயின் ரோட்டில் மினி லாரி வந்து நின்றது. பாத்திரங்கள் போயின, மெத்தை போயிற்று, மிக்ஸி போயிற்று. பிறகு பீரோவைத் தூக்கினார்கள்.

கண்ணாடி வைத்த ஆறரை அடி இரும்பு பீரோ. கோதண்டம் அதை ஆவணியிலேயே வாங்கி, அப்போது அகலமாக இருந்த சந்து வழியாக நிமிர்த்தியபடியே கொண்டுவந்து, உள் அறையில் வைத்து மஞ்சள் துணி போர்த்தியிருந்தார். இப்போது வாசலுக்குக் கொண்டுவந்தால், நிமிர்த்தினால் தகரத்தில் இடித்தது. படுக்க வைத்தால் சந்தில் திரும்ப இடமில்லை. சாய்த்தார்கள்; குழாய்த் தூண் தடுத்தது. தலைகீழாக்கினார்கள், சாத்தியிருந்த கதவு திறந்து ஒருவர் தலையில் தட்டியது.

"யார்யா இங்க தூண் நட்டது?" என்று தூக்கியவர்களில் ஒருவர் எரிச்சலோடு கேட்டார்.

கோதண்டம் பீரோவின் மஞ்சள் துணியைச் சரிசெய்தார்.

"தகரத்த பிரி நைனா," என்றாள் வடிவு உள்ளேயிருந்து.

தகரம் இறங்கியது. தூண்கள் இறங்கின. பீரோ மேடையைத் தாண்டிச் சந்துக்குள் நிமிர்ந்து நின்றது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்போதுதான் ரோட்டுப் பக்கம் ஹாரன் கேட்டது.

கெங்கம்மாளின் வண்டி. மாசிக்கு முன் அதற்கு அதுதான் கடைசிச் சுற்று. பீப்பாய் முக்கால் நிறைந்திருந்தது. நேராக வந்து சந்து வாயில் மூக்கை நுழைத்து நின்றது. அவள் இறங்கி முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல் கொடுத்தாள்.

"கெங்கா, வண்டிய கொஞ்சம் நவுத்து. ராகுகாலம் வந்துகினே கீது," என்றார் கோதண்டம்.

"நவுத்துறேன் அண்ணாத்தே. உள்ள நவுத்துறேன்."

"உள்ள இன்னாத்துக்கு? பின்னால எடு."

"ரோடு மேடு. ரொம்பின பீப்பாய வெச்சிகினு பின்னால போற பழக்கம் இந்த வண்டிக்குக் கெடையாது. உள்ள போற வழி எனக்கு வுடு, வெளிய போற வழி உனக்கு வுடுறேன்."

சந்தில் இரண்டு பொருள்கள் எதிரும் புதிருமாக நின்றன. ஒரு பக்கம் வெளியே போகவேண்டிய பீரோ. மறு பக்கம் உள்ளே போகவேண்டிய பீப்பாய். மதுரைவீரன் அண்ணன் என்ற முறையில் பக்கத்தில் போய் நின்றார். கோதண்டம் அவரிடம் முறையிட்டார்.

"வீரா, நீ சொல்லுப்பா. அனுமதி உன் பேர்ல தானே கீது?"

"பேரு தான் என்னுது. பிரேக் அவளுது," என்றார் மதுரைவீரன்.

உள் தெருப் பெண்கள் பீரோவுக்குப் பின்னால் காலிக் கேன்களோடு கூடிவிட்டார்கள். ஒருத்தி பீரோக் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். மினி லாரி டிரைவர் வெள்ளானூருக்கு நேரமாகிறது என்று கத்தினார். கோதண்டம், பூ வைத்த கையால் நெற்றியைத் துடைத்தார்.

அப்போது பாதி பின்னிய சடையோடு வடிவு வாசலுக்கு வந்தாள்.

"நைனா, மேடைய இடி."

"கல்யாணம் முடியட்டும் கண்ணு, அப்பால..."

"பீரோ போவலன்னா நானும் போவல. மாமியா ஊட்ல இன்னான்னு சொல்றது? உங்க சம்பந்தி இட்லிக்கு மேட கட்னாரு, அதனால பீரோ வரலன்னா?"

கோதண்டம் கடப்பாரையை வாங்கித் தன் மேடையைத் தானே இடித்தார். சிமெண்டுக்குப் பதில் களிமண் வைத்துக் கட்டியிருந்ததால் அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் இடித்தால் சந்து மூன்றே முக்கால் அடிதான். வண்டி நுழையலாம், பீரோ நிற்க இடமிருக்காது. எல்லோரும் எதிர்ப் பக்கம் பார்த்தார்கள். ஆரோக்கியம்மாள் கரண்டியோடு நின்றிருந்தார்.

"இன்னாத்துக்கு என்ன பாக்குறீங்கோ? நான் யாரையாவது கல்யாணத்துக்குப் போவாதன்னு சொன்னனா?"

வடிவு மட்டும், "அத்தே," என்றாள். அவ்வளவுதான்.

ஆரோக்கியம்மாள் கரண்டியை வைத்தார். "எடுங்கடா அந்தக் கடப்பாரைய. இவன் பொண்ணு கல்யாணத்துக்குக் குறுக்க நின்னேன்னு நாளைக்குச் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் வேற சொல்லணுமா? ஏற்கெனவே இவனப் பத்தி சொல்றதுக்கே அர மணி நேரம் ஆவுது."

இரண்டு மேடையும் போனபின் மதுரைவீரன் பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். சந்து ஐந்தடி. வண்டி மூன்றரை. பீரோவின் கனம் ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. பீரோவை ஆரோக்கியம்மாள் வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னார். "ஒரு நூல் இருக்கு. கைய நடுங்க வுடாத," என்றார் தங்கையிடம்.

"மெதுவா ஓட்டுறதுல எனக்கு யாரு சொல்லித் தரணும்?" என்றாள் அவள். ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி நகர்ந்தது. பீப்பாய் கண்ணாடியை ஒட்டிப் போனது. கண்ணாடிக்குள்ளே இன்னொரு கெங்கம்மாள் இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டு எதிர்ப் பக்கம் போனாள். கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டார், ஆரோக்கியம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், லோகநாதன், "வாய் தாண்டிருச்சு! வாய் தாண்டிருச்சு!" என்று கூவினான். ஒரு கீறல் இல்லை. பின் சக்கரம் தாண்டியதும் அவள் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினாள். உள் தெருவே கேனைத் தட்டியது. பீரோ ராகுகாலத்துக்கு முன்பே வெள்ளானூருக்குக் கிளம்பியது. கடைசிக் கேன் நிறைந்த பிறகும் பீப்பாயில் கொஞ்சம் மிச்சமிருந்தது. திரும்பும் வழியில் அவள் அதை இட்லிக்குப் பாதி, ஆப்பத்துக்குப் பாதி என்று அளந்து ஊற்றினாள். இருவரும் தங்கள் சொந்தக் கார்டை மட்டும் நீட்டினார்கள்.

சந்தில் அதன் பிறகு யாரும் மேடை கட்டவில்லை. கட்ட நினைத்தவர்களுக்கு வீட்டில் கல்யாண வயதில் ஒரு பெண்ணோ, பீரோவோ இருந்தது.

மாசி பிறந்தது. உள் தெருவிலிருந்து ஒருவரும் ஓ.டி.க்குப் போகவில்லை. பிப்ரவரிக் கடைசியில் வளைகுடாவில் சண்டை நின்றது. ஆனந்தனுக்கு ஐயப்பன்தாங்கல் பக்கம் வேறு வேலை கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். சீட்டு உயரம் அங்கே சரியாக இருந்திருக்கும். பரந்தாமன் வண்டி அனுமதியைப் புதுப்பிக்க மதுரைவீரனைக் கூப்பிட்டார். மதுரைவீரன் தங்கையையும் அழைத்துக்கொண்டு போனார்.

"என் பேர எடுத்துடுங்க சார். வண்டி ஓட்டுறது இது. பேரும் இதோடதாவே இருக்கட்டும்."

பரந்தாமன் கெங்கம்மாளை ஒரு முறை பார்த்தார். பீரோக் கதை ஓ.டி. வரைக்கும் வந்திருந்தது. "தகராறுன்னா யாரைப் புடிக்கிறதுன்னு கேட்டேன். இப்போ தெரிஞ்சிபோச்சு," என்றார். காகிதத்தில் பெயரை எழுதி, மசிப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். "இடது கை கட்டை விரல்."

அவள் மசிப் பெட்டியை மூடினாள். பேனாவைக் கேட்டாள்.

மதுரைவீரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. பரந்தாமன் வண்டியைப் பிடுங்கிவிடுவேன் என்று சொன்ன நாளிலிருந்து, ரேஷன் கார்டில் இருந்த தன் பெயரைப் பார்த்து, விரலை மண்ணெண்ணெயில் தொட்டுப் பீப்பாய்மேல் எழுதி எழுதிப் பழகியிருக்கிறாள். எழுதியது காய்ந்து மறைந்துவிடும் என்பதால் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை, தினமும் வண்டியைத் துடைத்துக் கொடுத்த அண்ணனுக்கும் தெரியவில்லை.

பேனாவைக் கைப்பிடி மாதிரி இறுக்கிப் பிடித்தாள். மெதுவாக எழுதினாள், பின்னால் நின்றவர்கள் செருமினார்கள், அவள் அவசரப்படவில்லை. எழுத்துகள் கொஞ்சம் மேடேறின. ஒரு புள்ளியும் விடுபடவில்லை.

கெங்கம்மாள். தேதியைப் பரந்தாமன் போட்டார்: 1991 மார்ச் 11, திங்கட்கிழமை.